ஈ.எஸ்.ஆர். ஏறுகிறது, வெள்ளை அணு ஏன் இறங்குகிறது?

கேள்வி | ஜனவரி 9, 2024

எனக்கு 31 வயது. சில மாதங்களாக விரல் மூட்டுகளில் வலி, காலையில் எழுந்தால் கை மடங்காது. சாயங்காலம் லேசான காய்ச்சல். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 68. ஆனால் டோட்டல் கவுண்ட், அதாவது மொத்த வெள்ளை அணு, 2,900தான். அதன் வகைகள் சதவீதத்தில்: நியூட்ரோபில் 44, லிம்போசைட் 40, மோனோசைட் 14, ஈசினோபில் 2. ஹீமோகுளோபின் 9.8, பிளேட்லெட் 1.6 லட்சம். உடம்பில் அழற்சி இருந்தால் வெள்ளை அணு ஏறும் என்றுதான் படித்திருக்கிறோம். டாக்டரோ, "எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே அழற்சியின் பாதிப்பு இருக்கலாம், அதனால் குறைகிறது" என்கிறார். அது எப்படி? ரத்தப் புற்றுநோயை மறைத்துப் பேசுகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

ஜனவரி 9, இரவு

மறைக்கவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடிய விஷயம்தான்.

சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 2,900இல் 44 சதவீதம் என்றால் நியூட்ரோபில் 1,276. லிம்போசைட் 1,160. இரண்டுமே குறைவு. நியூட்ரோபில் 1,500க்குக் கீழே போனால் குறைவு என்கிறோம். 500க்குக் கீழே போனால்தான் தொற்றுக்கு வாசல் திறந்த மாதிரி. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இல்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், ஸ்லைடு பார்ப்பதுதான் என் தொழில். வீட்டில் தங்கைக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழையது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

பள்ளியில் படித்தது தப்பில்லை, பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். தொண்டையில் சீழ், குடல்வால் வீக்கம் என்று திடீரென ஒன்று வந்தால் மஜ்ஜைக்குச் செய்தி போகும். அங்கே முதிர்ந்த நியூட்ரோபில்கள் பெரிய கையிருப்பாகக் காத்திருக்கும். முதலில் அது வெளியே வரும். போதாவிட்டால் முழுதாக முதிராத பேண்ட் செல்களும் வரும். ஸ்லைடில் அவற்றைப் பார்த்ததும் எங்கோ தொற்று இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கவுண்ட் 15,000, 18,000 என்று போவது இந்தக் கட்டத்தில்.

இது சில நாள் ஏற்பாடு. அதே செய்தி மாதக்கணக்கில் ஓயாமல் வந்தால் கதை மாறுகிறது.

ஒரு நாளைக்கு நம் மஜ்ஜை ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. வெளியே வந்த ஒரு நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூடச் சுற்றுவதில்லை என்பதுதான் பாடநூல் கணக்கு. சிவப்பணு 120 நாள் ஓடும், உற்பத்தி படுத்தாலும் ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். நியூட்ரோபில் அப்படியில்லை. மஜ்ஜை தடுமாறினால் சில நாட்களிலேயே கவுண்டில் தெரிந்துவிடும்.

தடுமாற வைப்பது எது? அழற்சியில் சுரக்கும் இன்டர்ஃபெரான், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 போன்ற சைட்டோகைன்கள், அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள். எல்லா ரத்த அணுவுக்கும் தாயான ஸ்டெம் செல்கள் பெரும்பாலான நேரம் உறங்கிக் கிடப்பவை. அந்த உறக்கம்தான் அவற்றின் ஆயுள். இன்டர்ஃபெரான் ஆல்ஃபா அவற்றை எழுப்பிவிடுகிறது என்று 2009இல் ஜெர்மனியில் எலிகளில் காட்டினார்கள். ஒரு முறை எழுப்பினால் உதவி. விடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தால் சோர்ந்துபோகின்றன. அவற்றைத் தாங்கி வளர்க்கும் சுற்றுப்புறச் செல்களும் இதே சைட்டோகைன்களால் கெடுகின்றன. போதாக்குறைக்கு டி லிம்போசைட்டுகள் மஜ்ஜைக்குள்ளேயே உட்கார்ந்து இளம் அணுக்களைக் கொல்லலாம். இதன் உச்சம்தான் ஏபிளாஸ்டிக் அனீமியா. பால் எர்லிக் 1888இல் முதன்முதலாக விவரித்த நோய் அது. மஜ்ஜை கிட்டத்தட்டக் காலியாகி, அந்த இடத்தில் கொழுப்பு நிரம்பிவிடும்.

உங்கள் நிலை அது இல்லை. பிளேட்லெட் 1.6 லட்சம் இருக்கிறதே.

ஜனவரி 10, மதியம்

ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் மோனோசைட் 14 சதவீதம். வழக்கமாகப் பத்துக்குள் இருக்கும். இன்டர்ஃபெரான் காமா மஜ்ஜையில் உற்பத்தியை மோனோசைட் பக்கம் திருப்பி, நியூட்ரோபில் பக்கத்தை அடைத்துவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் உங்களுக்கு 406தான், அளவுக்குள் இருக்கிறது. அதனால் இதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மற்றவை சரிந்தபோது இது மட்டும் சரியாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஜனவரி 12

கீழே ஒருவர் இடுப்பு எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் போட்டு, "மஜ்ஜையில் நீர்க்கோர்வை என்று எழுதியிருக்கிறார்களே, என் வெள்ளை அணு 3,400 ஆனதற்கு அதுதானே காரணம்?" என்று கேட்கிறார்.

இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரிவது ஒரு மூட்டை ஒட்டிய சின்னப் பகுதி. முழங்கால் அடிபட்டாலும் வரும், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் சேக்ரோ-இலியாக் மூட்டில் அழற்சி இருந்தாலும் வரும். பெரியவர்களுக்கு ரத்தம் ஊறும் மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, மண்டையோடு எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. அதில் ஒரு மூலை வீங்கினால் கவுண்ட் குறையாது. மீதி எல்லாம் ஈடுகட்டிவிடும். கவுண்ட் குறைய வேண்டுமென்றால் சைட்டோகைன் ரத்தத்தோடு எல்லா எலும்புக்கும் போய்ச் சேர வேண்டும். முதுகுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மூட்டு அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசின் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 12, மாலை

சல்ஃபாசலசின்தானாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே கவுண்டைக் காட்டுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், தைராய்டுக்குத் தரும் கார்பிமசோல், மனநல சிகிச்சையில் வரும் குளோசபின் எல்லாம் இதே பட்டியல். கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சி.பி.சி. (எல்லா ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எடுக்க வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

ஜனவரி 15

10ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "எலியில் நடந்ததை வைத்து மனிதருக்குச் சொல்கிறீர்கள்" என்றார். நியாயமான கேள்வி. ஸ்டெம் செல் சோர்வு பற்றி நான் சொன்னதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்ததுதான்.

ஆனால் மனிதரில் இதைவிடத் தெளிவான ஒரு சாட்சி உண்டு. இப்போதைய மாத்திரைகள் வருவதற்கு முன்பு ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். வாரம் ஒரு ஊசி, மாதக்கணக்கில். போட்டவர்களில் நிறையப் பேருக்கு நியூட்ரோபில் இறங்கியது. 750க்குக் கீழே போனால் அளவைக் குறையுங்கள் என்று மருந்தின் குறிப்பிலேயே இருந்தது. ஊசியை நிறுத்தினால் கவுண்ட் திரும்பி வந்தது. ஒரு அழற்சிச் செய்தியை வெளியிலிருந்து கொடுத்தால் வெள்ளை அணு குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது.

லூபஸில் உடம்பு அந்த ஊசியைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டிருக்கிறது. நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்ஃபெரானின் தடம் அழுத்தமாக இருப்பதை 2003இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

ஜனவரி 15, இரவு

பி12 பார்த்துவிட்டீர்களா? பார்க்காவிட்டால் பாருங்கள். பி12 குறைந்தாலும் மூன்று வகை அணுக்களும் இறங்கும், அதற்கு அழற்சி தேவையே இல்லை. ஸ்லைடில் நியூட்ரோபிலின் உட்கரு ஐந்தாறு துண்டாகப் பிரிந்திருந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான். துத்தநாக மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்குத் தாமிரம் குறைந்து இதே சிக்கல் வரும்.

ஜனவரி 21

மஜ்ஜைப் பரிசோதனைக்குப் பயந்து மூன்று பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த அறையில் நிற்பவள், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். பின் இடுப்பில், பள்ளம் விழும் இடத்துக்குப் பக்கத்தில் எலும்பு கைக்குத் தட்டுப்படும். அங்கே மரத்துப்போக ஊசி. தோலும் எலும்பின் மேலுறையும் மரத்துவிடும், எலும்பின் உள்பக்கம் மரக்காது. அதனால் ஊசி நுழைவதைவிட, உறிஞ்சும் அந்தச் சில நொடிகள்தான் வலி. கால் வரைக்கும் இழுக்கிற மாதிரி இருக்கும். யாராவது "வலிக்கவே வலிக்காது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அது சட்டென்று முடிந்துவிடும்.

உறிஞ்சியதை என் கையில் கொடுப்பார்கள். உறைவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் ஊற்றிச் சாய்த்தால் ரத்தம் வழிந்து ஓடும், மஜ்ஜைத் துகள்கள் ரவை மாதிரி மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கொழுப்புப் பளபளப்போடு. அந்தத் துகள் கிடைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். அதை ஸ்லைடில் வைத்து இழுத்தால் பின்னால் செல்களின் வால் விழும், படிப்பது அந்த வாலைத்தான். துகளே இல்லாமல் வெறும் ரத்தம் வந்தால் அந்த ஸ்லைடு பாதிக்கு மேல் பயனற்றது. பிறகு எலும்பிலிருந்து ஒரு சின்னக் குச்சி அளவு எடுத்து ஃபார்மலினில் போடுவார்கள். அதிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்த பிறகுதான் வெட்ட முடியும். ரிப்போர்ட் தாமதமாவது அதனால்தான். தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று நினைத்து ராத்திரி முழுக்க விழித்திருக்காதீர்கள்.

ஜனவரி 22

"ரிப்போர்ட்டில் மஜ்ஜை அழற்சி என்று வருமா?" வராது. "ரியாக்டிவ்" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். நோயாளிக்கு அது ஒன்றுமில்லை என்று சொன்ன மாதிரித் தோன்றும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிறைய இருக்கிறது. பிளாஸ்மா செல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். இரும்புச் சத்துக்கான நீலச் சாயம் போட்டால் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்களில் இரும்பு நிறையத் தெரியும், பக்கத்திலேயே இருக்கும் இளம் சிவப்பணுக்களில் இருக்காது. இரும்பு பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கேள்வி கேட்டவரின் 9.8 ஹீமோகுளோபினுக்கும் இதே காரணம் இருக்கலாம், இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தால் தெரியும்.

நியூட்ரோபில் வரிசையில் இளசுகள் ஏராளமாகவும் முதிர்ந்தவை கொஞ்சமாகவும் இருக்கும் ஸ்லைடுகள் பல பார்த்திருக்கிறேன். உற்பத்தி நடக்கிறது, கடைசிப் படியில்தான் ஆள் இல்லை. முதிர விடாமல் தடுக்கப்படுகின்றனவா, முதிர்ந்த உடனேயே வெளியே இழுக்கப்பட்டு அழிகின்றனவா என்று அந்த ஒரு ஸ்லைடை வைத்துச் சொல்ல முடியாது.

இதனால் 10ஆம் தேதிக் குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். மஜ்ஜை குறைவாக உண்டாக்குவது ஒன்று. உண்டாக்கியதை ரத்தத்துக்கு வந்ததும் எதிர்ப்பொருள் அழிப்பதோ மண்ணீரல் பிடித்து வைப்பதோ இன்னொன்று. நாளச் சுவரில் ஒட்டிக்கொண்டு கவுண்டரின் கணக்கில் வராமல் நிற்பதும் உண்டு, சாதாரண நாளிலேயே ரத்தக் குழாய்க்குள் இருப்பதில் ஏறக்குறைய பாதி அப்படித்தான் ஒட்டி நிற்கிறது. லூபஸ், ருமட்டாய்டு மூட்டுவாதம் போன்ற நோய்களில் இவையெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தே நடக்கலாம்.

பிப்ரவரி 3

பப்பாளி இலைச் சாறு, மாதுளை, ஸ்பைருலினா என்று பத்துப் பதில்கள் வந்துவிட்டன. மாதுளை சாப்பிடுங்கள், நல்ல பழம். மற்றதில் எனக்குக் கோபமே வருகிறது. அழற்சியால் வெள்ளை அணு குறைந்தவருக்கு எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருளைக் கொடுப்பது, ஏற்கெனவே எரிகிற இடத்தில் இன்னும் தூண்டுவது. ஸ்பைருலினா, அல்ஃபால்ஃபா இரண்டையும் லூபஸ் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்றுதான் சொல்லிவருகிறார்கள். சீந்தில் கொடியால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைக் கொரோனா காலத்தில் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கவுண்ட் ஏற வேண்டுமானால் அழற்சி இறங்க வேண்டும். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

பிப்ரவரி 4

டெங்குவைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், அதுவும் இந்த வரிசையில் வரும், ஆனால் குறுகிய காலத்துக்கு. வைரஸ் வந்த முதல் சில நாட்களில் மஜ்ஜை ஒடுங்கிவிடுகிறது. வெள்ளை அணு முதலில் இறங்கும், பிளேட்லெட் அதற்குப் பிறகு. காய்ச்சல் விட்டதும் முதலில் ஏறுவதும் வெள்ளை அணுதான். எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துக்கொண்டு வார்டில் அழுவார்கள், பக்கத்து வரியில் 2,100 என்றிருந்தது 3,300 ஆகியிருக்கும். அதைக் காட்டி எத்தனையோ அம்மாக்களிடம் "திரும்புகிறது, பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் ஆபத்தான நேரம், கவுண்ட் ஏறுகிறதென்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

டைஃபாய்டிலும் வெள்ளை அணு குறையும். கிருமி மஜ்ஜைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆன்ட்டிபயாடிக் தொடங்கி, ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளராத கட்டத்திலும் மஜ்ஜைக் கல்ச்சரில் வளரும்.

டிரிப்ஸ் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தால் மூன்று அணுவும் குறைந்து காட்டும். தங்கைக்கே ஒரு மருத்துவமனையில் இப்படி எடுத்து, 1,400 என்று ரிப்போர்ட் வந்து வீடே கலங்கிப்போனது. மறு கையில் எடுத்தால் 3,100. திடீரென்று எல்லாம் சேர்ந்து விழுந்தால் முதலில் எந்தக் கையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 5

இதைத் தனியாகவே போடுகிறேன். நியூட்ரோபில் 500க்குக் கீழே, காய்ச்சல் 101 டிகிரி என்றால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சீழ் பிடிக்கவே நியூட்ரோபில் வேண்டும், அது இல்லாதவருக்கு வீக்கமோ சீழோ தெரியாமலே கிருமி ரத்தத்தில் பரவும்.

விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரண்டு மூன்று வகை அணுக்கள் ஒன்றாகச் சரிவு, ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் என்றிருந்தால் அது இன்னொரு அவசரம். மஜ்ஜையின் மேக்ரோஃபேஜ்கள் ரத்த அணுக்களையே விழுங்கும் நிலை அது. முதன்முறை ஸ்லைடில் ஒரு மேக்ரோஃபேஜின் வயிற்றுக்குள் முழுசாக ஒரு நியூட்ரோபிலைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. பார்த்த நிமிஷமே டாக்டரைப் போனில் கூப்பிட்டேன்.

பிப்ரவரி 18

"பல வருட ருமட்டாய்டு, இப்போது மண்ணீரல் வீக்கம், நியூட்ரோபில் 700. ஊசி போட்டு ஏற்றலாமா?" என்று அம்மாவுக்காகக் கேட்ட தம்பிக்கு.

மூட்டுவாதம், மண்ணீரல் வீக்கம், வெள்ளை அணுக் குறைவு மூன்றும் சேர்ந்த ஐந்து நோயாளிகளை அகஸ்டஸ் ஃபெல்டி 1924இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து எழுதினார். ஃபெல்டி நோய்க்குறி என்று அவர் பெயரே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். எடுத்தும் சிலருக்குத் திரும்பக் குறைந்ததால், கோளாறு மண்ணீரலில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. இப்போது முதலில் மூட்டுவாதத்தைத்தான் அடக்குகிறார்கள், பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டால். கவுண்டைக் குறைக்கக்கூடிய மருந்து என்று ஜனவரி 12ஆம் தேதி நானே எழுதினேன், இங்கே அதே மருந்து கவுண்டை ஏற்றுகிறது. அழற்சி இறங்குவதால் ஏறுகிறது. இரண்டும் உண்மை. அதனால்தான் அடிக்கடி சி.பி.சி. எடுத்துக்கொண்டே கொடுப்பார்கள்.

நீங்கள் கேட்கும், நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி கவுண்டை ஏற்றும். தொற்று முற்றியிருந்தால் அது உயிரைக் காக்கும். ஆனால் மூட்டு அழற்சியும் ரத்தநாள அழற்சியும் கூடவே கிளம்பலாம். எண்ணைச் சரிசெய்ய மட்டும் கேட்காதீர்கள். எல்.ஜி.எல். என்ற ஒரு வகை லிம்போசைட் பெருக்கமும் ஃபெல்டி போலவே தோற்றமளிக்கும். ஸ்லைடில் துகள் நிறைந்த பெரிய லிம்போசைட்டுகள் இருக்கின்றனவா என்று லேபில் கேட்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 19

64 வயது அப்பா, காது மடல் சிவந்து வீங்குகிறது, காய்ச்சல், ரத்தசோகை, கவுண்ட் குறைவு, ஸ்டீராய்டு குறைத்தால் திரும்ப வருகிறது என்று எழுதியவருக்கு. வெக்சாஸ் என்ற நோயைப் பற்றி ரத்தவியல் மருத்துவரிடம் கேளுங்கள். 2020இல்தான் அதற்குப் பெயர் வந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள யு.பி.ஏ.1 மரபணுவில், பிறவியில் இல்லாமல் பிறகு ஏற்படும் மாற்றம், பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு. மஜ்ஜையின் இளம் அணுக்களுக்குள் குமிழி குமிழியாகத் தெரியும். அழற்சியை மஜ்ஜையே கிளப்பிவிடும் நோய் இது. நான் இதுவரை சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ்.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் ரிப்போர்ட்டைப் போட்டிருக்கிறார். தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களுக்கான ஏ.என்.ஏ., டி.எஸ்.டி.என்.ஏ. சோதனைகள் இரண்டும் பாசிட்டிவ், எதிர்ப்புச் சக்திப் புரதமான சி3 குறைவு, லூபஸ் என்று சொல்லிவிட்டார்கள். மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படவில்லை. அழற்சியில் ஏறும் இன்னொரு அளவான சி.ஆர்.பி. 4தானாம், "அழற்சியே இல்லையோ?" என்று கேட்கிறார். இருக்கிறது. லூபஸில் ஈ.எஸ்.ஆர். ஏறி, சி.ஆர்.பி. ஏறாமலே நிற்பது அடிக்கடி பார்ப்பதுதான். கல்லீரல் சி.ஆர்.பி. சுரப்பதையும் இன்டர்ஃபெரான் அமுக்கிவிடுகிறது. லூபஸ் உள்ளவருக்கு சி.ஆர்.பி. நன்றாக ஏறினால் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.

லூபஸுக்கான முதல் ஆய்வகத் தடயமே மஜ்ஜையில் கிடைத்ததுதான். 1948இல் மேயோ கிளினிக்கில் ஹார்க்ரேவ்ஸும் கூட இருந்தவர்களும் மஜ்ஜை ஸ்லைடில் எல்.ஈ. செல்லைப் பார்த்தார்கள், இன்னொரு அணுவின் உட்கருவை விழுங்கி நிற்கும் நியூட்ரோபில். இப்போது அந்தச் சோதனையை அநேகமாக யாரும் செய்வதில்லை. 2019இல் வந்த வகைப்பாட்டில் 4,000க்குக் குறைந்த வெள்ளை அணுவுக்கு 3 புள்ளி தருகிறார்கள். நீங்கள் பயந்த அந்த 2,900, நோயைக் கண்டுபிடிக்க உதவிய ஒரு துப்பு.

மார்ச் 30

கேள்வி கேட்டவருக்கு லூபஸ் மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் குறைந்த அளவு ஸ்டீராய்டும், கவுண்ட் 3,800. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஸ்டீராய்டு நாளச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபிலையும் ரத்தத்துக்குள் தள்ளிவிடும், அதனால் இந்த ஏற்றம் முழுவதும் மஜ்ஜை தேறியதால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டீராய்டு குறைந்த பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். லிம்போசைட் இன்னும் குறைவாகவே இருக்கலாம், தங்கைக்கு வருடக்கணக்கில் 1,000 பக்கத்திலேயே நிற்கிறது, வேலைக்கும் போகிறாள், பிள்ளையும் பெற்றிருக்கிறாள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையின் அளவு எடைக்கு ஏற்றதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், தினமும் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. முதல் வருடத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை ஒன்று, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம். அடுத்த சி.பி.சி.யைக் கூடுமானவரை இதே லேபில், இதே நேரத்தில் எடுங்கள்.